அன்பினாலும் பிரியத்தினாலும்

களியக்காவிளைச் சோதனைச்சாவடி தாண்டாமல்
இப்புறம் மூன்றாவது கடை என்னுடையது.
கோழிவண்டிச் சக்கரங்களுக்கு மருந்து பீய்ச்சும் ஓசையில்
பத்திரம் எழுதிப் பழகிய கை.

அவர்கள் வந்தது ஒரு செவ்வாய், மழை விட்ட நேரம்.
ஜெபசீலா, பாகோட்டுக்காரி,
அப்பன் விட்டுப்போன முப்பத்திரண்டு சென்ட் ரப்பர்.
லதிகா, இஞ்சிவிளைக்கு அந்தப்பக்கம்,
கேரளத்து பஸ்ஸில் கண்டக்டர்;
காக்கிச்சட்டை மாற்றாமலே வந்திருந்தாள்.
"கெட்டு எழுதணும் அண்ணே."
யாருக்கு என்றேன்.
இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.
அதுதான் பதில் என்று புரிய
எனக்கு ஒரு டீ ஆறும் நேரம் ஆனது.

சபையில் கேட்டாயிற்றாம்.
போதகர் ஆதியாகமத்தைத் திறந்து
விலா எலும்பு வரை வாசித்து மூடிவிட்டு
உனக்காக ஜெபிக்கிறேன் மகளே என்றாராம்.
லதிகாவின் அம்மாவன் போன வழி வேறு:
ஒரு காலம் நம்ம தறவாட்டில்
முண்டு கொடுத்தால் கெட்டு,
அவன் பாயை வெளியே வைத்தால் முடிவு;
அதெல்லாம் கல்யாணமே இல்லை என்று
கோர்ட்டில் சொல்லக் கேட்டுத்தான்
நாங்கள் ஒழுங்காகக் கல்யாணம் படித்தோம்,
இப்போ நீ வந்து கலைக்காதே.

படிவத்தை எடுத்துக் காட்டினேன்.
மணமகன் என்று ஒரு கட்டம்.
மணமகள் என்று ஒரு கட்டம்.
"லேடீஸ் சீட்டில்கூட ரெண்டு பேர் இருக்கலாமே"
என்று சிரித்தாள் லதிகா.
ஜெபசீலா சிரிக்கவில்லை.

எனக்குத் தெரியாத ஏடா.
நான் லத்தீன் கத்தோலிக்கன், ரெஜினாள் சி.எஸ்.ஐ.
மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள்;
இரண்டாம் ஞாயிறு அவள் சித்தப்பா எழுந்து
தடை உண்டு என்றார்.
கடிதம், காணிக்கை, பங்குச்சாமியார் வீட்டு வராந்தா.
கோவில் ஏட்டிலும் சர்க்கார் ஏட்டிலும்
இன்றைக்கும் நாங்கள் கணவன் மனைவி.
அவள் குவைத் போய் ஒன்பது வருடம்.
ஞாயிறுதோறும் கூப்பிடுவாள்,
நகைக்கடன் வட்டியைப் பேசிவிட்டு வைப்போம்.

கல்யாணத்தைப் பிரித்து எழுதலாம் என்றேன்:
ஆளுக்கொரு உயில்,
ஆஸ்பத்திரிக்கு ஓர் அதிகாரப் பத்திரம்,
பாங்கில் வாரிசுப்பெயர்,
நிலத்துக்கு செட்டில்மென்ட்.
"பழைய வண்டியை உதிரிக்குக் கொடுக்கிறாப்பிலயா?"
ஆமா. ஆனா ஓடும்.

ராத்திரி உட்கார்ந்து எழுதினேன்.
'தங்கள் பேரில் எனக்குள்ள
அன்பினாலும் பிரியத்தினாலும்' என்ற இடத்தில்
பேனா நின்றது.
முப்பது வருடமாக எழுதுகிற வரி.
வேலிக்கல்லுக்கு வெட்டிக்கொண்ட
அண்ணன் தம்பிக்கும் எழுதியிருக்கிறேன்,
யாரும் வாசித்ததில்லை.
கல்யாணப் படிவத்தை மறுபடி புரட்டினேன்.
வயது உண்டு, விலாசம் உண்டு, சாட்சி உண்டு.
அந்த வரி அங்கே இல்லை.

குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வை ஒன்று.
வெளியாளுக்கு ஏழு.
"எத்தனை வருஷமா ஒரே வீட்டில?" என்று
சார்பதிவாளர் கேட்டது சட்டத்தில் இல்லாத கேள்வி.
பதினொன்று என்றார்கள்.
தலையாட்டிவிட்டு, கட்டத்தில்
'உறவு இல்லை' என்று எழுதினார்.
அதற்கு இரண்டு விரற்கடை மேலே என் வரி.
இரண்டின்மேலும் சேர்த்து விழுந்தது
சர்க்கார் சீல்.

லதிகா நோட்டுகளை நீளவாக்கில் மடித்து
விரலிடுக்கில் செருகி எண்ணினாள்.
ஏழு விழுக்காடு, சில்லறை உட்பட.
மீதியில் எனக்கு எழுத்துக்கூலி எண்ணூறு.

வாங்கிக்கொண்டேன்.
வேண்டாம் என்றிருந்தால்
அது கல்யாணமொய் ஆகியிருக்கும்.
அவ்வளவு தைரியம்
எனக்கு அன்றைக்கு இல்லை.